மைபை "சிக்கல் இல்லை" என்கிறது, பைரைட் 1,847 பிழைகள் என்கிறது: எதை நம்புவது?

துவாஸ் கிடங்கு கேட்டது:

வணக்கம். சிங்கப்பூரின் துவாஸில் உள்ள ஒரு சிறிய சரக்கு விநியோக நிறுவனத்தில் நிரலாளராக இருக்கிறேன். மென்பொருள் பிரிவு என்று சொல்லிக்கொள்ள என்னையும் சேர்த்து மூன்று பேர்தான். முகவரிச் சீட்டு அச்சிடுவது, இன்வாய்ஸ் அனுப்புவது, பொருள் சேவை வரியைக் கணக்கிடுவது ஆகியவற்றைச் செய்யும் பைத்தான் நிரல் ஒன்றை நாங்கள் பராமரிக்கிறோம். ஜாங்கோ என்ற இணையச் செயலிக் கட்டமைப்பின் மேல் எழுதப்பட்டது. ஏறத்தாழ 31,000 வரிகள். எட்டு ஆண்டுகளில் பலருடைய கைபட்டது. ஒரு மதிப்பு எண்ணா, எழுத்துச் சரமா என்று நிரலிலேயே எழுதிவைக்கும் வகைக் குறிப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கின்றன.

சென்ற மாதம் ஒரு நாள் காலையில், நகர மையத்துக்குப் போக வேண்டிய பெட்டிகளின் சீட்டுகளில் அஞ்சல் குறியீடு தவறாக அச்சாகியிருந்தது. மரினா பே சாண்ட்ஸுக்குப் போக வேண்டிய பெட்டியில் 018956 என்று இருக்க வேண்டிய இடத்தில் 18956.0 என்று இருந்தது. ஓட்டுநர் ஒருவர் சீட்டைப் படம் பிடித்து அனுப்பி, "புள்ளி வைத்த அஞ்சல் குறியீடு எப்போதிலிருந்து தம்பி?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

இப்படிப்பட்ட தவறுகளை முன்கூட்டியே பிடிக்க நிரலை ஓட்டாமலே படித்து, வகை பொருந்தாத இடங்களைச் சுட்டும் வகைச் சரிபார்ப்பான் ஒன்றைக் கொண்டுவர முடிவு செய்தோம்; மைபை, பைரைட் இரண்டும் அத்தகையவை. மேலாளர் வைத்த நிபந்தனைகள் இரண்டு: திறமூல உரிமம் உடையதாக இருக்க வேண்டும், எங்கள் நிரல் வெளியார் சேவையகத்துக்குப் போகக் கூடாது. முதலில் மைபையை ஓட்டினேன். பல லைப்ரரிகளுக்கு வகைத் தகவல் கிடைக்கவில்லை என்று அது முறையிட்டதால், இணையத்தில் பார்த்த ஒரு விடையின்படி, கிடைக்காத இறக்குமதிகளைப் பொருட்படுத்தாமல் விடும் அமைப்பைச் சேர்த்தேன். உடனே 143 கோப்புகளிலும் சிக்கல் எதுவும் இல்லை என்று பச்சை எழுத்தில் சொல்லிவிட்டது. நம்ப முடியாமல் பைரைட்டை ஓட்டினேன்; அது 1,847 பிழைகளைக் கொட்டியது. அதே நிரல், அதே கணினி, ஐந்து நிமிட இடைவெளி.

இவற்றுள் எதை நம்புவது, எங்களைப் போன்ற சிறிய குழு எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய கம்பைலர் எழுதியது:

இரண்டுமே பொய் சொல்லவில்லை. நீங்கள் அவற்றிடம் வெவ்வேறு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் மைபையின் மௌனம். வகைக் குறிப்பு ஒன்றுகூட இல்லாத ஃபங்ஷனின் உட்பகுதியை மைபை தன் இயல்பு நிலையில் பார்ப்பதே இல்லை. இது குறைபாடு அன்று, தெரிந்தே எடுத்த முடிவு. யுக்கா லெதோசாலோ கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில் தொடங்கிய மைபை, தொடக்கத்தில் பைத்தானைப் போன்ற தனி மொழியாகத்தான் இருந்தது. 2013இல் பைத்தானை உருவாக்கிய குவிடோ வான் ரோசம் அவரிடம் பேசி, பைத்தானின் இலக்கணத்துக்குள்ளேயே அதை அடக்கும்படி இசைவித்தார். பின்னர் அவர்களும் சேர்ந்து எழுதிய பெப் 484 என்ற பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு வகைக் குறிப்புகளுக்கு முறையான பொருள் தந்து, 2015இல் வெளிவந்த பைத்தான் 3.5இல் இடம்பெற்றது. குறிப்புகளை ஒருபோதும் கட்டாயமாக்கப் போவதில்லை என்று அந்த ஆவணமே சொல்கிறது. ஆகவே, குறிப்பு எழுதாதவரைத் தொந்தரவு செய்யாமல், எழுதியவருக்கு மட்டும் பயன் தரும் கருவியாக மைபை வளர்ந்தது. உங்கள் நிரலில் குறிப்புகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான் என்கிறீர்கள். அப்படியானால் அது பார்த்ததும் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

இரண்டாவது, நீங்கள் சேர்த்த அமைப்பு. அதைப் போட்டவுடன், வகைத் தகவல் இல்லாத லைப்ரரியிலிருந்து வரும் ஒவ்வொன்றும் 'எனி' வகையாகிவிடுகிறது. எனி எதனோடும் ஒத்துப்போகும், எதையும் ஏற்கும், எதற்கும் மறுப்புச் சொல்லாது. ஜெரமி சீக், வாலித் தாஹா இருவரும் 2006இல் படிப்படியான வகைமுறை என்று முன்வைத்த கருத்தில், வகையுள்ள நிரலையும் வகையற்ற நிரலையும் இணைக்கும் பாலம் இதுதான். பாலம் தேவைதான், ஆனால் ஜாங்கோ முழுவதுமே எனி என்றால், உங்கள் நிரலில் பாதிக்கு மேல் பாலமாகத்தான் இருக்கும்.

இதை நேரில் பார்க்க விரும்பினால், சந்தேகம் உள்ள ஏதாவது ஒரு வரியின் கீழே 'ரிவீல் டைப்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் அந்த மாறியின் பெயரைக் கொடுத்து மைபையை ஓட்டுங்கள். அது எந்த வகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். குறிப்பு இல்லாத ஃபங்ஷனுக்குள் வைத்தால், சரிபார்க்கப்படாத ஃபங்ஷனில் எப்போதும் எனி என்றுதான் வரும் என்று அதுவே ஒரு குறிப்பையும் சேர்த்துத் தரும்.

பைரைட்டின் இயல்பு இதற்கு நேர்மாறானது. குறிப்பு இல்லாவிட்டாலும் ஃபங்ஷனின் உள்ளே நுழைந்து, அது எதைத் திருப்பித் தரும் என்று தானே ஊகிக்கும். வகைத் தகவல் இல்லாத லைப்ரரி என்றால் அதன் மூல நிரலையே படித்துப் பார்க்கும். இங்கேதான் ஜாங்கோ அதைக் குழப்புகிறது. மாடல் வகுப்புகளில் தரவுத்தளத்தைத் தேட நாம் அன்றாடம் பயன்படுத்தும் 'ஆப்ஜெக்ட்ஸ்' என்ற பண்பு, நிரல் ஓடும்போது மெட்டாகிளாஸ் (வகுப்புகளையே உருவாக்கும் வகுப்பு) வழியாகச் சேர்க்கப்படுவது; மூலத்தைப் படிப்பவருக்கு அது எங்கும் எழுதப்பட்டிருக்காது. எனவே அப்படி ஒரு பண்பே இல்லை என்று பைரைட் ஒவ்வோர் இடத்திலும் சொல்லும். உங்கள் 1,847இல் 'ஆப்ஜெக்ட்ஸ்' என்ற சொல் எத்தனை வரிகளில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இடையில் ஒன்று. எர்லாங் மொழியின் டயலைசர் மூன்றாவது வழியில் போகிறது: ஒரு வரி நிச்சயமாகத் தவறாகும் என்று நிறுவ முடிந்தால் மட்டுமே வாய் திறக்கும். எந்தக் கருவியை எடுத்தாலும், சந்தேகம் வந்தால் பேசுவதா, சும்மா இருப்பதா என்பதை அது எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்துகொண்டு ஓட்டுவதே என் பழக்கம்.

ஈசூன் இரவுப்பணி எழுதியது:

மேலே உள்ள விளக்கம் முழுவதையும் ஏற்கிறேன். நடைமுறைப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

ஜாங்கோவோடு வேலை செய்வதால் உங்களுக்கு மைபையே பொருத்தம் என்பது என் கருத்து. மைபை செருகுநிரல்களை ஏற்கும். பைரைட் ஏற்காது, அது அதன் ஆக்குநர்களின் உறுதியான நிலைப்பாடு. ஜாங்கோவுக்கான வகைத் தகவலைத் தரும் 'ஜாங்கோ ஸ்டப்ஸ்' தொகுப்பையும் அதனோடு வரும் மைபை செருகுநிரலையும் நிறுவினால், மாடலின் புலங்கள், 'ஆப்ஜெக்ட்ஸ்', வினவல்கள் எல்லாம் சரியான வகையோடு தெரியும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தச் செருகுநிரல் உங்கள் ஜாங்கோ அமைப்புக் கோப்பை உண்மையாகவே இயக்கிப் பார்க்கும். தானியங்கிச் சோதனைக் கணினியில் இரகசியச் சாவிக்கான சூழல் மாறி இல்லையென்றால், சரிபார்ப்பு தொடங்குவதற்கு முன்பே விழுந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் இரவு முழுவதும் போயிற்று. சோதனைக்கென்று ஒரு போலிச் சாவி கொடுத்தால் போதும் என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது.

உரிமத்தைப் பற்றி: மைபை, பைரைட் இரண்டுமே எம்ஐடி உரிமத்தில் வருபவை, இரண்டும் உங்கள் கணினியிலேயே ஓடுபவை, ஆகவே மேலாளரின் இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்தும். ஆனால் விஷுவல் ஸ்டுடியோ கோடில் பலர் பயன்படுத்தும் பைலான்ஸ் திறமூலம் அன்று. அதன் உள்ளே இருப்பது பைரைட்தான் என்பதால் பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள். மேலாளர் உரிமத்தைக் கூர்ந்து பார்ப்பவர் என்றால் இந்த வேறுபாட்டை அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. மேலும் பைரைட் டைப்ஸ்கிரிப்டில் எழுதப்பட்டது, ஓடுவதற்கு நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி தேவை. வெளி இணையம் இல்லாத சேவையகத்தில் பைத்தான் தொகுப்பாக நிறுவினால், முதல் ஓட்டத்தின்போது நோடைப் பதிவிறக்க முயன்று நின்றுவிடக்கூடும்.

மற்றவற்றையும் யாராவது கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக: கூகுளின் பைடைப், தான் ஆதரிக்கப்போகும் கடைசிப் பைத்தான் பதிப்பு 3.12தான் என்று அறிவித்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் அதை எடுக்க வேண்டாம். மெட்டாவின் பைர் ஒகேமலில் எழுதப்பட்டது, அதன் இடத்துக்கு இப்போது ரஸ்டில் எழுதிய பைரிஃப்ளை வந்திருக்கிறது. ஆஸ்ட்ரலின் டீ-ஒய்யும் ரஸ்ட்தான். இரண்டு எழுத்தாகப் பிரித்துச் சொல்ல வேண்டும், தேநீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் வேகத்தில் அசத்துகின்றன. ஆனால் 31,000 வரிகளுக்கு வேகம் ஒரு பொருட்டே அன்று; 2019இலேயே டிராப்பாக்ஸ் 4 மில்லியன் வரிகளை மைபையால் சரிபார்த்துக்கொண்டிருந்தது.

புளோக் 204 எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. மூன்று பேர் கொண்ட குழுவுக்கு இதெல்லாம் தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் முன்பு இருந்த இடத்தில் மைபையை ஒரே நாளில் 'ஸ்டிரிக்ட்' என்ற மிகக் கண்டிப்பான நிலைக்குக் கொண்டுபோனார்கள். எவரும் பிழையைத் திருத்தவில்லை. பிழை காட்டிய வரியின் ஓரத்தில், அதைப் பொருட்படுத்தாதே என்று பொருள்படும் 'டைப் இக்னோர்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்கள். மூன்று வாரத்தில் அப்படி ஏறத்தாழ 900 குறிப்புகள் சேர்ந்தன; வெளியீட்டுக்கு அவசரம் என்பதால் யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை. பிறகு உண்மையான பிழை ஒன்று அவற்றில் ஒரு வரியிலேயே ஒளிந்திருந்து எங்களைக் கவிழ்த்தது. அந்த நேரத்தில் முகவரிச் சீட்டுக்கு இருபது நல்ல சோதனைகள் எழுதியிருந்தால் இதைவிடப் பயன் கிடைத்திருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பழைய கம்பைலர் எழுதியது:

அந்த அனுபவம் எனக்கும் உண்டு, சோதனைகள் வேண்டும் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அங்கே தவறியது ஒரே நாளில் எல்லாவற்றையும் இறுக்கியதுதான். மைபையில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனித்தனியாக விதி வைக்கலாம். வரிக் கணக்கு மாட்யூல் ஒன்றை மட்டும் இறுக்குங்கள், மற்றவற்றை இருந்தபடியே விடுங்கள், இறுக்கியதை மட்டும் எக்காரணம் கொண்டும் தளர்த்தாதீர்கள். இக்னோர் எழுத நேர்ந்தால் பிழையின் குறியீட்டுப் பெயரையும் சதுர அடைப்புக்குள் சேர்த்தே எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். வெறுமனே எழுதினால் அது அந்த வரியில் நாளை வரப்போகும் வேறு பிழையையும் மறைத்துவிடும், உங்கள் நண்பர்களுக்கு நேர்ந்தது அதுதான் என்று ஊகிக்கிறேன். பயனற்றுப்போன இக்னோர்களைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கையையும் இயக்கி வையுங்கள்.

துவாஸ் கிடங்கு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சொன்னபடி செய்து பார்த்தேன். 1,847இல் 1,390 வரிகள் 'ஆப்ஜெக்ட்ஸ்' பற்றியவை. ஜாங்கோ ஸ்டப்ஸை நிறுவி, பொருட்படுத்தாமல் விடும் அமைப்பை நீக்கி, குறிப்பு இல்லாத ஃபங்ஷன்களின் உள்ளேயும் பார்க்கும்படி மைபையிடம் சொன்னேன். "சிக்கல் இல்லை" என்றிருந்தது 212 பிழைகளாயிற்று. அவற்றுள் ஒன்று உண்மையிலேயே வெட்கப்பட வைத்தது: முகவரியிலிருந்து மாடி எண்ணையும் வீட்டு எண்ணையும் ஒழுங்குக் கோவையால் பிரித்தெடுக்கும் வரி, பொருத்தம் கிடைக்காவிட்டால் 'நன்' (ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் பைத்தான் மதிப்பு) வரும் என்பதைப் பார்க்கவே இல்லை. வீவக அடுக்குமாடி வீட்டு முகவரிகளில் எப்போதும் #08-112 போன்ற எண் இருப்பதால் இத்தனை ஆண்டுகள் தப்பித்திருக்கிறது. தரை வீடு ஒன்றுக்கு முதல் பெட்டி போகும் நாளில் நின்றிருக்கும்.

ஆனால் எந்தத் தவற்றுக்காக இதைத் தொடங்கினேனோ அந்த அஞ்சல் குறியீட்டுப் பிழை 212இல் இல்லவே இல்லை. வாடிக்கையாளர் அனுப்பும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை), பாண்டாஸ் என்ற தரவு லைப்ரரியால் படிக்கும் வரியில்தான் அது நிகழ்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். மைபைக்கு ஏன் அது தெரியவில்லை?

காசுக் கணக்கு எழுதியது:

தெரிய வழியில்லை. வகைச் சரிபார்ப்பான் நிரலைப் படிக்கிறது. உங்கள் வாடிக்கையாளரின் கோப்பைப் படிப்பதில்லை. சிஎஸ்வியைப் படிக்கும் வரியைப் பொறுத்தவரை, அது ஒரு டேட்டாஃபிரேமை (பாண்டாஸின் அட்டவணையை) தருகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். உள்ளே இருக்கும் நெடுவரிசை சரமா, எண்ணா என்பது கோப்பு வந்த பிறகுதான் முடிவாகிறது.

உங்கள் சீட்டில் நடந்ததை அந்தப் புள்ளியே சொல்லிவிடுகிறது. எல்லா வரிசைகளிலும் குறியீடு இருந்திருந்தால் பாண்டாஸ் அந்த நெடுவரிசையை முழு எண்ணாகக் கொண்டு 18956 என்று வைத்திருக்கும். முன்னால் உள்ள சுழி மட்டும் போயிருக்கும். ஏதோ ஒரு வரிசையில் குறியீடு வெறுமையாக இருந்திருக்கிறது. வெறுமையைக் குறிக்கும் மதிப்பு முழு எண்ணில் அடங்காது என்பதால், நெடுவரிசை முழுவதும் மிதவைப் புள்ளி எண்ணாகிவிட்டது. படிக்கும் வரியிலேயே அந்த நெடுவரிசை சரம்தான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் அதே கோப்பை எக்செலில் திறந்து சேமித்து அனுப்பினால் சுழி உங்களிடம் வரும் முன்பே போயிருக்கும்; ஆகவே ஆறு இலக்கங்கள் இருக்கின்றனவா என்று நிரல் ஓடும்போது பார்க்கவும் வேண்டும். பைடான்டிக், பாண்டெரா இரண்டும் இந்த வேலைக்கு உள்ள திறமூல லைப்ரரிகள்.

வாசலில் சோதித்து உள்ளே விட்ட பிறகுதான் மைபைக்கு வேலை. 'நியூடைப்' கொண்டு அஞ்சல் குறியீடு என்று ஒரு தனி வகையை உருவாக்குங்கள். சோதிக்கும் ஃபங்ஷன் ஒன்று மட்டுமே அந்த வகையைத் திருப்பித் தரட்டும். சீட்டு அச்சிடும் ஃபங்ஷன் அந்த வகையை மட்டுமே ஏற்கட்டும். சோதிக்காத வெறும் சரத்தை யாராவது நேராக அச்சுக்கு அனுப்பினால் மைபை அங்கேயே பிடித்துவிடும்.

நான் பணப் பரிமாற்றத் துறையில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளியும் காசும் மைபைக்கு வெறும் எண்கள். எங்களிடம் ஒரு முறை, காசில் கேட்ட ஃபங்ஷனுக்கு வெள்ளியில் கொடுத்துவிட்டோம். 45 வெள்ளிக்குப் பதிலாக 45 காசு வசூலாயிற்று. காசுக்கும் நியூடைப் வைத்தோம். ஆனால் இரண்டு காசுத் தொகைகளைக் கூட்டினால் விடை வெறும் முழு எண்ணாகிவிடுகிறது, ஒவ்வொரு முறையும் மீண்டும் உறை போட வேண்டியிருக்கிறது. கணக்கு அதிகம் செய்யும் இடத்தில் அது சலித்துப்போய், மாற்ற முடியாத சிறிய டேட்டாகிளாஸ் (மதிப்புகளை வைத்திருக்கும் எளிய வகுப்பு) ஒன்றை எழுதி, கூட்டலையும் கழித்தலையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டோம்.

பொருள் சேவை வரி மாட்யூலில் தேதியைக் கவனியுங்கள். 2023 ஜனவரி 1 முதல் 8 விழுக்காடு, 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு என்று அட்டவணை வைத்திருப்பீர்கள். பைத்தானில் 'டேட்டைம்' என்பது 'டேட்' வகுப்பின் துணை வகுப்பு. தேதி கேட்கும் ஃபங்ஷனுக்கு நேரத்தோடு கூடிய தேதியைக் கொடுத்தால் மைபை தடுக்காது. ஓடும்போது இரண்டையும் ஒப்பிடும் வரியில் நின்றுவிடும். நிற்பதாவது பரவாயில்லை, தெரிந்துவிடும். ஜாங்கோ நேரத்தை, சிங்கப்பூரைவிட எட்டு மணி பின்தங்கிய யுடிசியில் (உலகப் பொது நேரம்) வைத்திருக்கும்போது அதிலிருந்து நேராகத் தேதியை எடுத்தால், சிங்கப்பூரில் ஜனவரி 1 காலை ஏழு மணிக்குப் பதிவான இன்வாய்ஸ் டிசம்பர் 31ஆகத்தான் தெரியும், பழைய விகிதமும் எந்தச் சத்தமும் இல்லாமல் விழும். நேர மண்டலம் உள்ளதும் இல்லாததும் வகையளவில் ஒன்றே என்பதால் இங்கே எந்தச் சரிபார்ப்பானும் உதவாது. புளோக் 204 சொன்ன சோதனைதான் உதவும்.

துவாஸ் கிடங்கு எழுதியது:

மிக்க நன்றி. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். 62ஆம் வரிசையில் அஞ்சல் குறியீடு வெறுமையாகத்தான் இருந்தது.

வரி மாட்யூலையும் முகவரி மாட்யூலையும் மட்டும் இறுக்கியிருக்கிறோம், மற்றவை அப்படியே இருக்கின்றன. நேற்று எங்கள் குழுவின் இளையவர், அஞ்சல் குறியீடு வகையை எதிர்பார்க்கும் இடத்தில் சோதிக்காத சரத்தைக் கொடுத்து, மைபை தடுத்ததும், "அண்ணா, இக்னோர் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து பார்த்தபோது, திரும்பி வரும் பெட்டிகளுக்கான சீட்டு, சோதிக்கும் ஃபங்ஷனைத் தொடாமலேயே போகும் இரண்டாவது வழி ஒன்று இருப்பது தெரிந்தது. அதைத் திருத்தியாயிற்று. 212இல் இன்னும் 171 மீதம். வரித் தேதிக்கான சோதனையை இன்று மாலை எழுதுகிறேன்.